தலைவலி இல்லாத மாவட்டம்

விருதுநகர் மாவட்டத்தில் தலைவலி கிடையாது. சந்தேகப்படுகிறவர்கள் அரசாங்க ஏடுகளைப் புரட்டிக்கொள்ளலாம். மரணம் இருக்கும், தீக்காயம் இருக்கும், விபத்துக்குக் காரணமாக ‘உராய்வு’ என்ற ஒற்றைச் சொல் இருக்கும். நெடி ஏறி ஒரு பக்கத் தலை பிளந்தது, குமட்டிக்கொண்டு வந்தது, வெளிச்சம் பட்டால் கண் கூசுகிறதென்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சுவரோரம் சாய்ந்தது, இதையெல்லாம் எந்தப் படிவத்தில் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று யாராவது காட்டினால் நல்லது. கட்டம் இல்லாத நோய் இந்த நாட்டில் நோயே இல்லை.

விலைப்பட்டியல் மட்டும் சுத்தமாக இருக்கிறது. 2025 ஜூலை 1 அன்று சின்னக்காமன்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்தபோது அரசு அறிவித்தது: இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம், படுகாயத்துக்கு 1 லட்சம், லேசான காயத்துக்கு 50 ஆயிரம். அதற்கு முந்தைய ஆண்டு பிப்ரவரியில் வெம்பக்கோட்டை அருகே ராமுதேவன்பட்டியில் 10 பேர் கருகியபோது ஓர் உயிர் 3 லட்சமாக இருந்தது. விலைவாசி ஏறுகிறதே, உயிருக்கு மட்டும் ஏறாமல் இருக்குமா? கொடுக்கிற பணத்தை நான் குறை சொல்லவில்லை. அந்த வீட்டுக்கு அதுதான் நாளைய கஞ்சி. நான் கேட்பது பட்டியலின் கடைசி வரியைப் பற்றி. லேசான காயத்துக்குக் கீழே ஒன்றும் எழுதவில்லை. இருபது வருஷம் மூச்சோடு மூச்சாக உள்ளே போனதற்குச் சத்தம் கிடையாது. டி.வி.க்காரர்கள் வரமாட்டார்கள், அமைச்சர் மலர்வளையத்தோடு வரமாட்டார். ஆகவே அது நடக்கவே இல்லை.

ஆளை விடுங்கள், வெடிமருந்துக்குக் கிடைக்கிற மரியாதையைப் பாருங்கள். ஓர் அறைக்கு நான்கு பேருக்கு மேல் கூடாது. கதவுகள் வெளிப்பக்கம் திறக்க வேண்டும். தரையில் ரப்பர் விரிப்பு போட வேண்டும். இரும்புச் சாமான் உள்ளே வரக்கூடாது. நைலான் சேலை உடுத்தக்கூடாது, பருத்திதான். அறைக்கும் அறைக்கும் இத்தனை மீட்டர் இடைவெளி, ஒரு நேரத்தில் இத்தனை கிலோதான் இருப்பு. மருந்துக்குச் சூடு ஆகாது, ஈரம் ஆகாது, அதிர்ச்சி ஆகாது, உரசல் ஆகாது. தலைப்பிள்ளை உண்டான மருமகளைக்கூட எந்த வீட்டிலும் இப்படிப் பார்த்துக்கொண்டதில்லை. இந்த விதிகள் வேண்டாதவை என்று சொல்ல வரவில்லை. அவற்றை மீறிய இடங்களில்தான் பிணம் விழுகிறது. ஆனால் விதி எழுதியவரின் கண்ணில் அறைக்குள் உட்கார்ந்திருந்த நான்கு பேரும் நான்கு தீப்பொறிகளாகத்தான் பட்டிருக்கிறார்கள். மூச்சு விடுகிற சாதியாகப் படவில்லை.

காதுக்கு ஒரு விதி உண்டு. வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தள்ளி அளந்தால் 125 டெசிபலைத் தாண்டக்கூடாது என்று 1999-லேயே மத்திய அரசு ஆணை போட்டது. அது காசு கொடுத்து வாங்குகிறவரின் காது. அந்தக் காதுக்கு 4 மீட்டர். குழாயில் மருந்து செலுத்துகிறவளின் மூக்குக்கும் தட்டுக்கும் நடுவே ஒரு முழம்.

சட்டமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 2025 வரை நடப்பில் இருந்த 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 14-ஆம் பிரிவு தூசியையும் புகையையும் பற்றியதாகத்தான் இருந்தது. அது கிளம்புகிற இடத்திலேயே உறிஞ்சி வெளியேற்ற வேண்டும், தொழிலாளியை அதைச் சுவாசிக்கவிடக் கூடாது என்று அழகாக எழுதியிருந்தார்கள். கேட்டால் பதில் தயாராக இருக்கும்: “கலவை அறையில மின்விசிறி போட்டா ஊரே போயிரும் சார்.” உண்மைதான். போடக்கூடாதுதான். காற்று கேட்டால் வெடி, வெடி வேண்டாமென்றால் நெடி என்று கணக்கை அத்தோடு முடித்துவிட்டார்கள். தீப்பொறி வராத கருவியால் காற்றை இழுக்கவும், ஆளை வெளியே நிறுத்தி இயந்திரத்தை உள்ளே கலக்கவிடவும் உலகம் எப்போதோ கற்றுக்கொண்டது. அதற்குச் செலவாகும். தொழிலாளியின் தலைக்கு ஆகிற செலவு முதலாளியின் ஏட்டில் வராது.

அதே சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், கண்டறிந்தால் அரசுக்குத் தெரிவித்தே தீர வேண்டிய நோய்கள் 29 இருந்தன. ஈயம் இருந்தது, பாதரசம் இருந்தது, பாஸ்பரஸ் இருந்தது, பஞ்சாலைத் தூசி நோய்கூட இருந்தது. பேரியம் இல்லை. நெடியில் வரும் ஒற்றைத் தலைவலி இல்லை. ஆகவே எந்த டாக்டரும் யாருக்கும் தெரிவிக்க வேண்டியிருக்கவில்லை.

நெடி எது, நெடி இல்லாதது எது என்று இங்கே பிரித்துச் சொல்லிவிடுகிறேன். வெடியுப்புக்கு வாசனை கிடையாது. பச்சை ஒளி கொடுக்கிற பேரியம் நைட்ரேட்டுக்குக் கிடையாது. அலுமினியப் பொடிக்கும் கிடையாது. சாயங்காலம் ஆளையே வெள்ளிச் சிலையாக்கி அனுப்பும் அந்தப் பொடி மூக்குக்குச் சேதி சொல்லாமலே நெஞ்சுக்குள் போய்விடும். நெடி அடிப்பது எரிகிற கந்தகம், லாக்கர், தின்னர், பெயின்ட், தீப்பெட்டி ஆலையில் கொதிக்கிற மெழுகு, அச்சகத்து மை, மாதிரிக்குக் கொளுத்திப் பார்க்கும் வெடியின் புகை. மூக்கின் உட்சவ்வில் ஓடும் முக்கிளை நரம்புக்கு மூளையின் உறையோடும் தொடர்பு உண்டு. ஒற்றைத் தலைவலி உடம்புக்காரர்களுக்கு ஒரு மூச்சு தின்னர் போதும், ஒரு நாள் முழுக்கப் போய்விடும். சென்ட் வாசனைக்கே சுருண்டு படுக்கிறவர்கள் இருக்கிறார்கள். இது பணக்கார வீட்டு நோய் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு தகவல்: பெங்களூரிலும் சுற்றியுள்ள கிராமங்களிலும் எடுத்து 2015-ல் வெளியான ஆய்வில், ஓராண்டுக்குள் மைக்ரேன் வந்தவர்கள் 25.2 சதவீதம். நாலில் ஒருவர். பெண்களுக்கே அதிகம். பட்டாசு அறையிலும் தீப்பெட்டிக் கட்டடத்திலும் குனிந்து உட்கார்ந்திருப்பவர்கள் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

அவர்கள் வாய் திறந்து கேட்டால் என்ன நடக்கும்?

“மண்டைய இடிக்குது அண்ணாச்சி. கண்ணு பூத்துப் போகுது.”

“செத்த நேரம் வெளிய நின்னுட்டு வா தாயி. இன்னிக்கு லோடு ஏத்தணும், ஞாபகம் இருக்கட்டும்.”

போர்மேன் கெட்டவர் இல்லை. அவருக்கும் தலை வலிக்கிறது. அவள் வெளியே போகலாம், ஆனால் கூலி எண்ணிக்கைக் கூலி. நின்ற நேரத்துக்குக் குழாய் நிரம்பாது. போய் நிற்கிற இடம் வேப்பமரத்து நிழல். மருந்துத் தட்டையும் கையோடு அங்கே கொண்டுபோய்விட்டால் அது ‘மரத்தடி உற்பத்தி’, விதிமீறல், ஆலைக்குச் சீல். அறைக்கு வெளியே மருந்தைத் தொடக்கூடாது என்பது சரியான விதிதான். ஒழுங்கான காற்று கிடைக்கிற ஒரே இடம் சட்டவிரோதமான இடமாக இருப்பதுதான் இந்தத் தொழிலின் விசித்திரம்.

பிறகு பெட்டிக்கடை. ஒரு டீ, ஒரு தலைவலி மாத்திரை. முந்தானை முனையில் தைலப் புட்டி. நெடிக்கு வைத்தியம் இன்னொரு நெடி! மாத்திரையின் கதை அதைவிட மோசம். சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளும் அதற்கு மேலும் விழுங்கிக்கொண்டே இருந்தால், அந்த மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும் என்று நரம்பியல் மருத்துவர்கள் வகைப்படுத்தி வைத்திருக்கிறார்கள். பெட்டிக்கடைக்காரருக்கு அது தெரியாது. பழியும் அவர்மேல் இல்லை.

சரி, தலைவலிதானே, யார் தலைக்கு வரவில்லை என்று கேட்கிற பெரிய மனிதர்களுக்காக ஒரு சின்ன ரசாயனப் பாடம். அலுமினியப் பொடியும் நைட்ரேட்டும் கலந்த மருந்தில் ஈரம் பட்டால் உள்ளுக்குள் வினை தொடங்கும். சூடு ஏறும். சூடு ஏற ஏற வினை இன்னும் வேகமாகும். அப்போது கிளம்புவது அம்மோனியா, கழுவாத கழிப்பறையின் அதே காட்டமான வாடை. இதை அடக்கத்தான் கலவையில் போரிக் அமிலம் சேர்ப்பார்கள். சேர்க்காமலோ, முதல் நாள் மீந்த கலவையை மூடிவைத்துவிட்டு மறுநாள் திறந்தாலோ, கையை வைக்கும் முன்னால் மூக்குக்குத் தெரிந்துவிடும். ‘மருந்து நீர்த்துப்போய் வெடித்தது’ என்று பத்திரிகையில் வருகிறதே, அதற்கு முன்னால் பல இடங்களில் அறை நாறியிருக்கும். மின்சாரமே கூடாத அந்த அறையில் அபாய மணி எது? நான்கு ஜோடி நாசித்துவாரங்கள்தான். அதில் ஒன்று “நெடி அடிக்குது” என்று சொன்னால், அறையைக் காலி செய்ய வேண்டும். நாம் என்ன செய்கிறோம்? “புதுசா வந்தவளா? போகப் போகப் பழகிரும்” என்கிறோம். பழகத்தான் செய்கிறது. மூக்கு மரத்துப்போகிறது, மணி அறுந்துபோகிறது. மறுநாள் தினசரியில் ‘உராய்வு’.

வெடிமருந்துக்காரர்களின் தலைவலியை உலகம் ஒரு காலத்தில் காது கொடுத்துக் கேட்டது. 1847-ல் இத்தாலியில் அஸ்கானியோ சொப்ரேரோ நைட்ரோகிளிசரினைக் கண்டுபிடித்து, நாக்கில் துளி வைத்துப் பார்த்தார். மண்டை பிளந்தது, எழுதிவைத்தார். அதைக்கொண்டு டைனமைட் செய்த ஆல்பிரட் நோபல் ஆயுள் முழுக்கத் தலைவலியோடு வாழ்ந்தார். டைனமைட் ஆலைத் தொழிலாளர்களுக்குத் திங்கட்கிழமைதோறும் தலை இடிக்கும். வாரம் ஏற ஏற உடம்பு பழகும், ஞாயிறு விடுமுறையில் பழக்கம் விட்டுப்போகும், திங்களன்று மறுபடி இடி. பழக்கம் விடாமலிருக்கத் தொப்பிப் பட்டைக்குள் கொஞ்சம் மருந்தைத் தடவிக்கொண்டு வீட்டுக்குப் போனவர்கள் உண்டு. சிவகாசிப் பட்டாசில் நைட்ரோகிளிசரின் கிடையாது, அதைச் சொல்லிவிட வேண்டும். ஆனால் அந்த டைனமைட் தொழிலாளர்களின் தலைவலிக்கு ஒரு வம்சம் உண்டு. நைட்ரோகிளிசரின் உடம்புக்குள் நைட்ரிக் ஆக்சைடாகிறது, அது மைக்ரேனைக் கிளப்புகிறது என்று காட்டிய டென்மார்க்கின் ஜெஸ் ஓலெசன், 2021-ல் மூளை ஆய்வுக்கான பெரும் பரிசை வாங்கிய நால்வரில் ஒருவர். அங்கே தொழிலாளியின் மண்டையிடி விஞ்ஞானமானது. இங்கே அது சோம்பேறித்தனம்.

தீக்குச்சியின் சரித்திரமும் இதே பாட்டுத்தான். 1888-ல் லண்டன் தீப்பெட்டி ஆலைப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தபோது கேட்டவற்றில் ஒன்று, சாப்பிடுவதற்குத் தனி அறை. வேலை செய்யும் இடத்திலேயே சாப்பிட்டால் வெள்ளை பாஸ்பரஸ் சோற்றோடு உள்ளே போய்த் தாடையெலும்பு அழுகியது. 1913-ல் இந்தியாவிலும் வெள்ளை பாஸ்பரஸ் தீக்குச்சியைத் தடை செய்து சட்டம் வந்தது. பத்து வருஷம் கழித்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்றுவந்து சிவகாசியில் தீப்பெட்டி தொடங்கினார்கள். ஆக, நம்மூர்த் தாடைகள் தப்பின. அழுகின தாடையைக் கண்ணாடிக் குடுவையில் போட்டு நாடாளுமன்றத்துக்குக் காட்டலாம். தலைவலியை எந்தக் குடுவையில் போடுவது?

டெல்லிக்கு இந்தப் பிரச்சினை கிடையாது. 2015-ல் மூன்று கைக்குழந்தைகளின் பெயரில் உச்ச நீதிமன்றத்தில் மனு போட்டார்கள், எங்கள் நுரையீரல் தாங்கவில்லை என்று. நியாயமான மனு. 2018 அக்டோபர் 23-ல் தீர்ப்பு வந்தது: பேரியம் கூடாது, சரவெடி கூடாது, பசுமைப் பட்டாசுதான், அதுவும் இரண்டு மணி நேரந்தான். தமிழ்நாட்டில் அரசு அதைக் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று பிரித்தது. வாங்குகிறவரின் மூக்குக்கு ஆண்டுக்கு இரண்டு மணி நேரம் என்று கடிகாரம் பார்த்து அளந்து கொடுத்தாயிற்று. செய்கிறவளின் மூக்குக்கு? அவளும் வழக்கில் வந்தாள். ‘பல லட்சம் பேரின் வாழ்வாதாரம்’ என்று ஆலைத் தரப்பின் வாதத்தில் வந்தாள். வயிறாக வந்தாள், கையாக வந்தாள். நுரையீரலாகவோ மண்டையாகவோ அவளை யாரும் வரவழைக்கவில்லை. தீபாவளிதோறும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சென்னையில் பெசன்ட் நகர், தியாகராய நகர், நுங்கம்பாக்கம், திருவல்லிக்கேணி, சௌகார்பேட்டை என்று இடம் பிடித்துக் காற்றை அளக்கும். பட்டாசு சாகிற இடத்து முகவரியெல்லாம் மனப்பாடம். பிறக்கிற அறையின் முகவரியும் வெடிபொருள் துறையின் நாக்பூர் லைசென்சில் இருக்கிறது, எட்டிப் பார்க்கலாம்.

பேரியத் தடையில் ஒரு மாயம் வேறு. 2021-ல் சி.பி.ஐ. அறிக்கையைப் பார்த்த உச்ச நீதிமன்றம், தடை செய்த பிறகும் பேரியம் புழங்குகிறதே என்று கடிந்துகொண்டது. 2023 செப்டம்பரில், பசுமைப் பட்டாசில் கொஞ்சம் போட்டுக்கொள்கிறோம் என்று கேட்டவர்களுக்கு மறுபடி முடியாது என்றது. நல்லது. இனி பேரியத் தூசியைச் சுவாசித்தேன் என்று ஒரு தொழிலாளி எங்கே போய்ச் சொல்வாள்? ஏட்டில் இல்லாத பொருள். இல்லாததைச் சுவாசிக்க முடியாது. சுவாசித்திருந்தால் அது நீதிமன்ற அவமதிப்பு. வாயை மூடிக்கொள்வது உத்தமம், மூக்கையும் சேர்த்து.

அச்சகங்களை விட்டுவிட்டால் கோபித்துக்கொள்வார்கள். ஆடிப்பெருக்கன்று புது வருஷக் காலண்டர் ஆல்பம் போடுகிற ஊர் சிவகாசி. ஆஃப்செட் உருளையை மண்ணெண்ணெயில் துடைத்து, வார்னிஷ் ஏற்றி, பசை தடவி லேமினேஷன் போட்டு, குளிரூட்டிய அறையில் ஜன்னலை அடைத்துவைத்துத்தான் முருகனும் லட்சுமியும் பளபளப்பாக வெளியே வருகிறார்கள். புதுக் காலண்டரைச் சுருள் பிரித்து “ஆகா, என்ன வாசனை” என்று மோந்து பார்ப்பவர்கள் ஒரு பக்கம். அந்த வாசனைக்குள்ளேயே மூன்று ஷிப்டும் குடியிருந்து, ஞாயிற்றுக்கிழமை பிள்ளையின் தலையில் தேய்க்கிற எண்ணெய் வாடைக்குக்கூட எரிந்து விழுகிறவர்கள் இன்னொரு பக்கம்.

குறை மட்டும் சொன்னால் போதாது, யோசனையும் சொல்ல வேண்டும் என்பார்கள். சொல்கிறேன். டி.ஆர்.ஓ. லைசென்ஸ், சென்னை லைசென்ஸ், நாக்பூர் லைசென்ஸ் என்று மருந்தின் அளவுக்குத் தகுந்தபடி உரிமம் வைத்திருக்கிறோம். மூக்குக்கும் ஒன்று கொடுத்துவிடலாம். செல்போனை ஆலை வாசலில் வாங்கி வைப்பதுபோல மூக்கையும் வாங்கிவைத்து டோக்கன் கொடுத்துவிட்டால், சாயங்காலம் அவரவர் மூக்கை அவரவர் மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். குத்தகைக்கு விட்ட ஆலையாக இருந்தால் மூக்குக்கு யார் பொறுப்பு என்பதில் சிக்கல் வரும். அதற்கும் பழைய வழி இருக்கிறது: உரிமம் பெற்றவர் ஒருவர், நடத்துகிறவர் இன்னொருவர், கைதாகிறவர் போர்மேன். ஒற்றைத் தலைவலி என்பதால் ஒரு பக்கந்தான் வலிக்கிறது, மறுபக்கத்தை வைத்து வேலை பார்க்கலாமே என்று ஒரு சுற்றறிக்கை அனுப்பலாம். இழப்பீட்டுப் பட்டியலிலும் லேசான காயத்துக்குக் கீழே ஒரு வரி சேர்க்கலாம்: தலைவலி, தைலம் ஒன்று, மாவட்டத்துக்குப் பொதுவில்.

இத்தனைக்கும், நெடி அடிப்பது அரசாங்கத்துக்குத் தெரியாது என்று யாரும் சாதிக்க முடியாது. விபத்து நடந்த இடத்துக்கு அதிகாரிகள் வருகிற படத்தைத் தினசரியில் பாருங்கள். ஜீப்பிலிருந்து இறங்கியதும் கை தானாகப் பாக்கெட்டுக்குப் போகும். கர்சீப் வெளியே வரும், மூக்கில் ஏறும். பத்து நிமிஷம். பின்னால் நிற்கிற ஊர்ப் பெண்கள் முந்தானையைத் தோளில் போட்டபடி வெறும் மூக்கோடு நிற்பார்கள். ஜீப் திரும்பிப் போய்விடும். அறிக்கை வரும், எத்தனை கிலோ, எத்தனை அறை, எத்தனை பேர் என்று எண்ணெண்ணாக இருக்கும். அந்தக் கர்சீப்பைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இருக்காது. அதைச் சாட்சிப் பொருளாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கலெக்டர் அலுவலகத்துக் குறைதீர் கூட்டத்தில் யாராவது ஒரு மனு கொடுக்கலாம். கூட்டம் திங்கட்கிழமை. அன்றைய கூலி போய்விடும், அதுதான் யோசனை.